செல்போனில் கடை விரித்தேன்!

பக்கத்து வீட்டு மருமகள் போன வாரம் ஒரு சாயங்காலம், இடுப்பில் குழந்தையும் கையில் செல்போனுமாக வந்து நின்றாள்.

"ஏனுங்க்கா, நானும் உங்களாட்டம் நைட்டி யாவாரம் பண்ணலாம்னு இருக்கறனுங்க. போட்டோ எடுத்துப் போட்டாப் போதுமாமா. மாசம் முப்பதாயிரம் வருதுன்னு ஒரு வீடியோவுல சொல்றாங்க. நகையை வெச்சு அம்பதாயிரத்துக்குச் சரக்கு எடுத்துப் போடட்டுங்களா?"

நகை என்றதும் எனக்குத் திக்கென்றது. "உட்காரு கண்ணு, முதல்ல காப்பி குடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அலமாரியில் கிடந்த நீல அட்டை நோட்டை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தேன். 2021-ம் வருஷம் நான் இந்தத் தொழிலை ஆரம்பித்த முதல் மூன்று மாதக் கணக்கு அதில்தான் இருக்கிறது. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன், சகோதரிகளே. வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்க்க வேண்டும் என்ற ஆசை நம்மில் யாருக்குத்தான் இல்லை?

எங்கள் சேவூர், அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகிற பாதையில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பனியன் கம்பெனிக்குப் போகாதவர்கள் இருக்கும் வீடு குறைவு. எங்கள் வீட்டுக்காரரும் கட்டிங் மாஸ்டர்தான். கொரோனா ஊரடங்கில் கம்பெனி மூடியதும் சம்பளம் பாதியாகிவிட்டது. திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனால் மொத்த விலைக்கு நைட்டி கிடைக்கும். கையில் செல்போன் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும் என்று நினைத்தேன். பெண்ணின் காலேஜ் ஃபீஸுக்காக ஒதுக்கியிருந்த சீட்டுப் பணம் 12,000 ரூபாய்க்கு, ஒன்று 150 ரூபாய் வீதம் 80 நைட்டி வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கிவிட்டேன். ஒன்றை 250-க்கு விற்றால் 100 ரூபாய் லாபம், 80-க்கு 8,000 ரூபாய் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

முதல் மாதம் விற்றது 11. அதில் 5 சொந்தக்காரர்கள் வாங்கியது. "அப்புறம் தர்றேன்" என்றார்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை!

பார்க்க ஆள் வேண்டாமா?

முதல் தப்பு இதுதான். படம் போட்டால் ஊரே பார்க்கும் என்று நினைத்தேன். வாட்ஸப்பில் நாம் வைக்கிற ஸ்டேட்டஸ், நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களைக் கேட்காமலே ஒரு குரூப்பில் சேர்த்து, தினம் 40 படம் அனுப்பினேன். ஒரே வாரத்தில் பாதிப் பேர் வெளியே போய்விட்டார்கள். அறிமுகமில்லாதவர்களுக்கு மொத்தமாகச் செய்தி அனுப்பினால் வாட்ஸப் நம் நம்பரையே முடக்கிவிடும் என்று பிறகுதான் பெண் சொன்னாள்.

சரி, ஃபேஸ்புக்கில் 500 ரூபாய் கட்டி விளம்பரம் கொடுத்தேன். போன் ஓயாமல் கூவியது. நூறு பேருக்கு மேல் "விலை என்ன?" என்று கேட்டார்கள். வாங்கினது 3 பேர். விளம்பரச் செலவே நைட்டிக்கு 166 ரூபாய்!

போட்டியும் சாதாரணமில்லை. 2015-ல் பெங்களூரில் தொடங்கிய மீஷோ போன்ற கம்பெனிகள் வந்த பிறகு, சரக்கு வாங்கி வைக்காமல் படத்தை மட்டும் அனுப்பி விற்கிற வழி பெண்களிடையே வேகமாகப் பரவியது. ஒரே நைட்டியின் ஒரே படம் பத்துப் பேரிடமிருந்து வந்தால் வாங்குகிறவள் என்ன செய்வாள்? யார் 10 ரூபாய் குறைக்கிறார்கள் என்றுதான் பார்ப்பாள். விலையைக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் கைக்காசு போட்டு விற்கிற நிலைமைக்கு வந்தேன்.

நோட்டு சொன்ன உண்மை

அப்பொழுது எங்கள் வீட்டுக்காரர்தான் கேட்டார்: "ஏம்புள்ள, 100 ரூபா லாபம் லாபம்ங்கறயே, கூரியர் காசு ஆரு குடுக்கறா?"

உட்கார்ந்து எழுதினேன். நைட்டி 150 ரூபாய், கூரியர் 50, கவர், டேப், ஸ்டிக்கர் 6, மூட்டை கொண்டு வந்த ஆட்டோ பங்கு 4. ஆக 210. மிச்சம் 40 ரூபாய்தான்.

அதோடு போகவில்லை. பொருள் கைக்கு வந்ததும் பணம் தருகிற முறையில் பத்துக்கு ஒன்று திரும்பி வந்தது. "வீட்டில் ஆள் இல்லை", "நான் ஆர்டரே போடவில்லை" என்று ஏதாவது காரணம். போக 50, வர 50, கவருக்கு 6 என்று அதில் 106 ரூபாய் நஷ்டம். ஒன்பது விற்று 360 ரூபாய் வந்தால், 106 கழித்து 254 நின்றது. ஒரு நைட்டிக்குப் படம் எடுத்து, பதில் சொல்லி, கட்டி அனுப்ப அரை மணி நேரம். பத்துக்கு ஐந்து மணி நேரம். ஆக மணிக்கு 50 ரூபாய் சம்பாதித்திருக்கிறேன்! எனக்குத் தெரிந்து பவர் டேபிளில் தைக்கிற பெண்களே இதைவிடக் கூட வாங்குகிறார்கள்.

நம்முடைய நேரத்துக்கு விலையே இல்லை என்று நாம் பழகிவிட்டோம். அடுப்பைப் பார்த்துக்கொண்டே, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பதில் அனுப்புவதெல்லாம் வேலையாகவே நமக்குத் தெரிவதில்லை. தயவுசெய்து அதையும் கணக்கில் எழுதுங்கள்.

சாயம் போன நைட்டி

காசு நஷ்டத்தைக்கூட மறந்துவிடலாம். நான் மறக்காதது ஒன்று உண்டு.

மதுரைப் பக்கம் ஒரு பெண். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பால் கொடுக்க வசதியாக ஜிப் வைத்த நைட்டி 4 கேட்டாள். "சாயம் போகுமா அக்கா?" என்று கேட்டாள். "போகவே போகாதும்மா, திருப்பூர் சரக்கு" என்று அடித்துச் சொன்னேன். நான் ஒன்றைக்கூடத் தண்ணீரில் போட்டுப் பார்த்ததில்லை. கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன், அவ்வளவுதான்.

இருபது நாள் கழித்து அவள் குரல் பதிவு வந்தது. கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, மெரூன் கலர் நைட்டி பாப்பாவோட வெள்ளைத் துணி எல்லாத்துலயும் ஏறிடுச்சு. பாப்பா கன்னத்துலகூட ஒட்டியிருந்துச்சு. தொடைச்சிட்டேன். நீங்க போகாதுன்னு சொன்னதாலதான் துவைக்காமப் போட்டேன்."

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவன் புண்ணியம். நாலு நைட்டிக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்லைக்கா" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் வாங்கவில்லை. ஏன் வாங்க வேண்டும்?

எங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் திங்கட்கிழமை நிலக்கடலை ஏலம் நடக்கும். வருகிற வியாபாரி ஒரு கை அள்ளி, குலுக்கி, நாலு காயை உடைத்து, பருப்பை வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் விலை சொல்லுவார். செல்போனில் வாங்குகிறவளுக்கு அந்த வசதி கிடையாது. அவளால் தொட முடியாது, இழுத்துப் பார்க்க முடியாது. அவளுக்காக நாம்தான் காயை உடைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த வியாபாரத்தில் நாம் விற்பதே அந்தச் சொல்லைத்தான். சொல் பொய்யானால் கடை காலி.

அன்றிலிருந்து புதுச் சரக்கு வந்தால் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றை எடுத்து ராத்திரி முழுக்க வெள்ளைத் துணியோடு ஊற வைக்கிறேன். துவைத்துக் காயப்போட்டு, இஞ்ச் டேப்பால் முன்னும் பின்னும் அளக்கிறேன். பனியன் துணி துவைத்தால் நீளத்தில் சுருங்கும். அது அதன் இயல்பு. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. 140 என்றால் மெலிசு, 180 என்றால் கனம். இதெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது. படத்தோடு இப்படி எழுதுவேன்: "நெஞ்சளவு 44, நீளம் 54. துவைத்தால் 2 இஞ்ச் குறையும். மெரூன், நீலம் இரண்டும் முதல் இரண்டு தடவை சாயம் விடும், தனியாகத் துவைக்கவும். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் துவைக்காமல் போட வேண்டாம்."

"குறையைச் சொன்னால் யார் வாங்குவார்கள்?" என்று என் நாத்தனார் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகுதான் ஆட்கள் நிலைத்தார்கள். ஒருத்தி வாங்கி, அவள் சொல்லி அக்கா வாங்கி, அக்கா சொல்லி ஆபீஸ் தோழி வாங்கி, இப்படி வந்தவர்கள்தான் இன்று என் வாடிக்கைக்காரர்கள். விளம்பரத்தால் வந்த 3 பேரில் ஒருவர்கூட மறுபடி வரவில்லை.

சென்னையில் சண்முகப்பிரியா என்ற பெண்மணி 2014 வாக்கில் வாட்ஸப் மூலம் சேலை விற்க ஆரம்பித்துப் பெரிய அளவில் வளர்ந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அவருடைய மாமியார் வீடு வீடாகப் போய்ச் சேலை விற்றவராம். செல்போன் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தக் குடும்பம் நடந்து நடந்து நம்பிக்கையைச் சேர்த்திருக்கிறது. வீடியோக்காரர்கள் இதையெல்லாம் சொல்வதில்லையே!

கண்ணைத் திறந்து வையுங்கள்

ஏமாற்றுக்காரர்களும் இதே செல்போனுக்குள்தான் இருக்கிறார்கள். என் அனுபவத்திலிருந்து சில:

1. பணம் அனுப்பியதாகப் படம் மட்டும் அனுப்புவார்கள். அதை நம்பி நான் 6 நைட்டி பறிகொடுத்தேன். பாங்குக் கணக்கில் பணம் ஏறினதைப் பார்த்த பிறகே பார்சலைக் கட்டுங்கள்.

2. "பணம் வர வேண்டுமானால் ரகசிய நம்பரைப் போடுங்கள், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள்" என்றால் உடனே போனை வையுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய நம்பர் தேவையே இல்லை, கொடுப்பதற்குத்தான்.

3. "வீடியோவுக்கு லைக் போட்டால் தினம் பணம்" என்று முதலில் 150 ரூபாய் அனுப்புவார்கள். பிறகு "பெரிய வேலைக்கு முன்பணம்" என்று ஆயிரக்கணக்கில் பிடுங்குவார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

4. "பத்தே நாளில் லட்சாதிபதி, பயிற்சிக் கட்டணம் 4,999" என்பார்கள். அதில் லட்சாதிபதியாவது கட்டணம் வாங்குகிறவர்தான்.

5. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால் வருஷ விற்பனை 40 லட்ச ரூபாய் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பெரிய ஆன்லைன் கடைகள் வழியாகவும் இப்படிச் சொந்த மாநிலத்துக்குள் விற்க, 1.10.2023 முதல் சிறு வியாபாரிகளுக்கு வழி செய்திருக்கிறார்கள். அதற்குப் பான் கார்டும் ஒரு பதிவு எண்ணும் வேண்டும். வெளி மாநிலத்துக்கு விற்பதானால் விதி வேறு. ஆடிட்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இன்று என் நிலைமை என்ன என்கிறீர்களா? பொருள் போகும் முன்பே பணம் வாங்கிக்கொள்கிறேன். கூரியரை விலையில் மறைக்காமல் தனியாகச் சொல்கிறேன். கடன் யாருக்கும் கிடையாது, சொந்தக்காரர்கள் உள்பட! மத்தியானம் 2 மணியிலிருந்து 4 மணி வரைதான் பதில். போன மாதம் எல்லாச் செலவும் போகக் கையில் நின்றது 5,340 ரூபாய். முப்பதாயிரம் இல்லை. ஆனால் இது என் காசு. பெண்ணின் பஸ் பாஸும் ஹாஸ்டல் மெஸ் பில்லும் இதில்தான் போகிறது.

அந்தப் பிள்ளை நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். 106 ரூபாய்க் கணக்கு வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "நகையை வெக்கலீங்க்கா. உங்ககிட்டயே பத்து நைட்டி வாங்கி வித்துப் பாக்கறனுங்க. மொதல்ல நானே துவைச்சுப் பாக்கறேன்" என்றாள்.

பத்து நைட்டியோடு என் நோட்டையும் கொண்டு போயிருக்கிறாள். இன்னும் திருப்பித் தரவில்லை. இருக்கட்டும், அவளிடமே இருக்கட்டும்.

உங்களில் யாராவது இப்படிச் செல்போனில் கடை விரித்திருந்தால், லாபத்தை மட்டுமல்ல, நஷ்டத்தையும் எனக்கு எழுதுங்கள் சகோதரிகளே. இன்னொருத்தியின் நகை பிழைக்கும்.