சைலன்சரை வெட்டினால் பவர் வராது

எங்கட பெடியளுக்கு ஒரு பழைய டி.ரி. 125 அல்லது எம்.ரி.எக்ஸ். கையில கிடைச்சால் முதல் வேலை சைலன்சருக்குத்தான். பின்பக்கத்தை வெட்டுவது, உள்ளுக்கு இருக்கிறதை உருவி எறிவது, இல்லாட்டி முழுசாக் கழற்றிப்போட்டு ஒரு நேர்க் குழாயைப் பத்தவைப்பது. பிறகு சந்தியில நிண்டு முறுக்கினால் நாலு ஒழுங்கைக்குக் கேக்கும். "இப்ப பார் மச்சான், என்ன இழுவை!" இழுவை கூடியிருக்காது. பெரும்பாலும் குறைஞ்சுதான் இருக்கும். சத்தம் கூடினதில காது ஏமாறுது, அவ்வளவுதான்.

ரூ ஸ்ரோக் எஞ்சினில் வால்வுத் தலை இல்லை. சிலிண்டர் சுவரில் இருக்கிற துவாரங்களைப் பிஸ்டன்தான் மேலும் கீழும் போய்த் திறந்து மூடுகிறது. புகை வெளியேறுகிற துவாரமும் புதுப் பெற்றோல் கலவை உள்ளே வருகிற துவாரமும் ஒரே நேரத்தில் திறந்திருக்கிற ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் புதுக் கலவையின் ஒரு பங்கு எரியாமலே புகையோடு வெளியே ஓடிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த வயிறு ஊதின குழாய். விரிந்துபோகிற பகுதி சிலிண்டரில் இருந்து புகையை உறிஞ்சி எடுக்கிறது. திரும்ப ஒடுங்குகிற பகுதியில் மோதி வருகிற அழுத்த அலை, தப்பி ஓடின கலவையைத் துவாரம் மூடமுதல் உள்ளே தள்ளிவிடுகிறது. அதாவது அது புகைக்குழாய் மட்டுமில்லை, எஞ்சினின் ஒரு பாகம்.

இதைச் சரியாகக் கணக்குப் பார்த்துச் செய்தவர் கிழக்கு ஜேர்மனியின் எம்.இசற் நிறுவனத்தில் இருந்த வால்ற்றர் காடன். 1961 இல் அவருடைய 125 சிசி எஞ்சின் கிட்டத்தட்ட 25 குதிரைவலு கொடுத்தது. அதே வருசம் அந்த அணியின் ஓட்டுநர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் சுவீடன் பந்தயத்துக்குப் போன இடத்தில் இருந்து தப்பி மேற்குக்குப் போய், பிறகு சுசுகியில் சேர்ந்தார். 1962 இல் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. அந்தக் குழாய் பற்றின அறிவுக்காக ஒரு ஆளையே கொண்டுபோனாங்கள். நாங்கள் அதை ஹக்சோ பிளேட்டால வெட்டுறம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. நெட்டில பார்த்து ரேஸ் குழாய் போடுறவை, துவாரத்தை மேலே அராவி உயர்த்துறவை. இவை உண்மையிலேயே பவரைக் கூட்டும். ஆனால் எங்கே கூட்டும்? மேல் ஆர்.பி.எம்மில். கீழே இருந்ததை எடுத்து மேலே போடுகிற வேலை அது. முறுக்க முறுக்க ஒண்டுமில்லாமல் இருந்து, ஒரு இடத்தில் சுவிட்ச் போட்டமாதிரி அடிக்கும். கார்ப்பெற் றோட்டில் அது சந்தோசம். ஈர மணலிலும் மழை பெய்த கிரவல் பாதையிலும் அந்த அடி விழுற நேரம் பின் ரயர் சுத்தும், பைக் போகாது. காட்டுப் பாதைக்கு எண்டு செய்த பைக்குக்குத் தேவை உச்சப் பவர் இல்லை, கை எவ்வளவு கேட்டதோ அவ்வளவு வாற பவர்.

இது என்ர கருத்து மட்டுமில்லை. யமஹா வை.பி.வி.எஸ். எண்டு போட்டது இந்தப் பிரச்சினைக்குத்தான். குறைஞ்ச வேகத்தில் புகைத் துவாரத்தின் உயரத்தைப் பதித்து, வேகம் கூடக் கூட உயர்த்துகிற ஒரு வால்வு. 1998 இல் வை.இசற் 400 எஃப் வந்த பிறகு மோட்டோகுரோஸ் பந்தயங்களில் நாலு ஸ்ரோக் ரூ ஸ்ரோக்கை ஓரங்கட்டினதுக்கு, இரண்டு மடங்கு சிசி அனுமதிச்ச விதி ஒரு காரணம். சேற்றில் பிடிச்சு ஓடக்கூடிய அந்த ஒரே சீரான இழுவை மற்றது.

பயமான விசயம் ஜெற். குழாயையோ காத்து வடியையோ மாத்திப்போட்டு மெயின் ஜெற்றைத் தொடாமல் விட்டால் கலவை மெலிஞ்சு போகலாம். மெலிஞ்ச கலவையில் பைக் கொஞ்ச நேரம் நல்லாத்தான் ஓடும், அதுதான் பொறி. பிறகு நல்ல வேகத்தில் போகேக்க பிஸ்டன் இறுகும், பின் சில்லு பூட்டும். உடனே கிளச்சைப் பிடிக்காட்டி ஆள் றோட்டில. இன்னொரு தவறான நம்பிக்கை: ஓயில் பம்பைக் கழற்றிப்போட்டு ராங்கிக்குள் கலந்து ஓடுறவை, பாதுகாப்புக்கு எண்டு ஓயிலைக் கூட்டி ஊத்துவினம். ஓயில் கூடினால் அதே ஜெற்றால் போகிற பெற்றோல் குறையும். கலவை இன்னும் மெலியும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஒண்டையும் மாத்தாமல் இருக்கிறதைப் பார்க்கவேணும். முப்பது வருசம் ஓடின பைக்கில் "பவர் இல்லை" எண்டால் பாதி நேரம் புகைத் துவாரத்திலும் சைலன்சரிலும் கரி அடைச்சிருக்கும். சுரண்டி எடுத்தால் வேறை பைக் மாதிரி இருக்கும். றீட் வால்வின் இதழ் வெடிச்சிருக்கா, கிராங் சீல் காத்து இழுக்குதா எண்டு பார்க்கவேணும். சீல் போன எஞ்சினில் ஜெற் மாத்தி மாத்திப் பார்க்கிறது ஓட்டை வாளிக்கு அளவு பார்க்கிறமாதிரி. பிறகு பிளக்: சொக்லேற் நிறம் நல்லது, வெள்ளை எண்டால் மெலிவு, கறுத்து நனைஞ்சிருந்தால் கூட. பார்க்கிற முறையும் முக்கியம். நல்ல வேகத்தில் இழுத்துக்கொண்டு போய், கிளச்சைப் பிடிச்ச உடனே எஞ்சினை நிப்பாட்டிக் கழற்றவேணும். வீடு வரைக்கும் மெல்ல உருட்டிக்கொண்டு வந்து பார்த்தால் பிளக் பொய் சொல்லும்.

இதெல்லாம் கராஜில நிக்கிற எந்தப் பழைய அண்ணைக்கும் தெரியும். பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின ஊர் இது. பிளக் நிறமும் எஞ்சின் சத்தமும் வாசிக்கத் தெரியாமல் அது நடந்திராது. அந்த ஆக்களிட்டைப் போய், "இதை நல்லாச் சத்தம் வாற மாதிரிச் செய்து தாங்கோ" எண்டு கேக்கிறது எனக்குக் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

காசு செலவழிக்கவேணும் எண்டே நிக்கிறவைக்கு: முன் ஸ்புறொக்கெற்றில் ஒரு பல்லுக் குறைச்சது வாங்கிப் போடுங்கோ. எல்லாத்திலும் மலிவு. மேல் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் மணலில் இரண்டாம் கியரில் நிண்டு இழுக்கும். அடுத்தது, கிடைச்சால், பாரமான ஃப்ளைவீல். எஞ்சின் சட்டெண்டு ஏறாது, சட்டெண்டு நிக்கவும் மாட்டாது, ரயர் சுத்துறது குறையும். 2022 இல் கியூ.ஆர். காட்டிக் கிழமைக்கு 4 லீற்றருக்கு வரிசையில நிண்டதை நினைவிருக்கிறவை இதையும் யோசிக்கலாம்: வெட்டின குழாயால் எரியாமல் போறதும் அதே பெற்றோல்தான். ரூ ஸ்ரோக் முச்சக்கரவண்டி இறக்குமதியை 2008 இல் நிப்பாட்டினதும் அந்தப் புகைக்காகத்தான்.

சத்தம் மட்டும் பழைய மாதிரியே இருக்கும். சந்தியில ஒருத்தனும் திரும்பிப் பார்க்கமாட்டான்.