சுவர் நிற்கிறது, இயந்திரம் நின்றுவிட்டது

இயற்கைக்கு இசைந்த வீடுகள் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. புதுக் குடியிருப்பு எழுப்புவோர் எல்லாம் கூரையிலே சூரியத் தகடு, முற்றத்திலே செடி, விளம்பரத்திலே பச்சை மை என்று புறப்பட்டிருக்கின்றனர். நல்லதுதான். ஆனால், அந்தப் பச்சை எத்தனை ஆண்டு வாடாதிருக்கும் என்று கேட்க வேண்டாமா? இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சோதனையில் நிற்கும் குடியிருப்பு ஒன்று விடை வைத்திருக்கிறது.

லண்டன் மாநகரின் தென்கோடியில், சட்டன் வட்டாரத்தில் இருப்பது பெட்செட். பீபாடி என்னும் அறநிலையம் எழுப்பியது. திட்டம் வரைந்தவர் பில் டன்ஸ்டர். 2002-ல் கட்டி முடித்தனர். ஏறத்தாழ 100 வீடுகள். விலை கொடுத்து வாங்கியோரும் உண்டு. குறைந்த வாடகைக்கு வந்த எளியோரும் உண்டு.

சுவருக்குள் 30 சென்டிமீட்டர் கனத்துக்கு வெப்பம் கசியாத பொருளைப் பொதிந்தார்கள். வெயில் அருமையான அந்த நாட்டில், வீட்டின் கண்ணாடி முகப்பைத் தெற்கே திருப்பி, வருகிற வெயிலை உள்ளே பிடித்து வைத்தார்கள். கூரைமேல் வண்ண வண்ணக் காற்றுக் கூண்டுகள். காற்று வீசும் திக்கிலே தாமே திரும்பும். வெளியேறும் காற்றின் சூடு உள்ளே வரும் காற்றுக்கு ஏறிவிடும். இதற்கு மின்விசிறி வேண்டியதில்லை! கோடையில் கண்ணாடி அறை புழுங்குகிறது என்று குடியிருப்போர் குறை கூறியதும் உண்மை; அதை மறைப்பானேன்?

மரச் சிராயை எரித்து மின்சாரமும் வெந்நீரும் தர ஓர் இயந்திரம் வைத்தார்கள். ஓயாத பழுது. 2005-ல் அதைக் கைவிட்டு, எரிவாயுக் கொதிகலனுக்குப் போனார்கள். செடிகளைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மை செய்யும் கூடமும் அமைத்தார்கள். நூறு வீட்டுக்காகத் தனி ஆலை நடத்தக் கட்டுபடியாகுமா? அதுவும் நின்றது.

“பார்த்தீர்களா, பசுமை வீடு பகற்கனவு!” என்று கைகொட்டுவோர் அங்கும் உண்டு. தோற்றது எது? நாள்தோறும் ஆள் வைத்துப் பேண வேண்டிய இயந்திரம். சுவரும் சாளரமும் தோற்கவில்லையே! வீட்டைக் கதகதப்பாக்கும் செலவை அவை இன்றும் குறைத்து வருகின்றன. பழுது பார்க்க ஆளும் பணமும் இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு முதலில் தரவேண்டியது அந்தச் சுவரைத்தான்.

சட்டம் செய்வோர் அதைத் தந்தார்களா? 2016 முதல் கட்டும் புதுவீடு ஒவ்வொன்றும் கரிப்புகைக் கணக்கில் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் பிரிட்டனின் தொழிற்கட்சி அரசு அறிவித்தது. கெடு நெருங்கிய வேளையில், 2015 ஜூலையில், பழமைவாதக் கட்சி அரசு அதைத் தூக்கி எறிந்தது. வீடு கட்டுவோருக்குச் சுமையாம்! சுமை யார் தோளுக்கு மாறியது?

2022-ல் உக்ரைன் போரை ஒட்டி எரிவாயு விலை விண்ணை முட்டியது. சாதாரணக் குடும்பத்தின் எரிபொருள், மின்சாரக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 பவுனோடு நிற்கட்டும் என்று, அக்டோபர் முதல் மிச்சத்தைப் பொதுப் பணத்திலிருந்து ஈடுகட்டினார்கள். ஈடுகட்டியது விதியைத் தூக்கி எறிந்த அதே கட்சியின் ஆட்சி!