தேர்தலுக்கு மறுநாள்

நம் சங்கத்தின் ஆண்டுத் தேர்தல் நடந்து ஐந்து திங்கள் ஆகின்றன. ஓராண்டு செயலாளராக இருந்த நான் மறுமுறையும் நின்று தோற்றேன் என்பது அன்பர்கள் பலரும் அறிந்த செய்தி. தோற்றபின் பொங்கல் விழாவுக்கு வரவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பினேன். அன்று ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்தது. இதை முதலில் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அந்த நாட்களில் என் அடுத்த அறைத் தோழி ஒருத்தி, மலையாள நாட்டுக் கத்தோலிக்கப் பெண், ஒரு நூலைக் கொடுத்தாள். பிரான்சு நாட்டு லிசியே நகரத்துக் கன்னியர் மடத்தில் வாழ்ந்து இருபத்துநான்கு வயதில் மறைந்த தெரேசாளின் தன்வரலாறு அது. நம் ஊர்களில் 'சிறுமலர்' என்ற பெயரில் எத்தனையோ பள்ளிகள் உண்டு. அந்தச் சிறுமலர் இவரே. நான் அச்சமயத்தைச் சேர்ந்தவள் அல்லேன். ஆகவே பக்தியோடு படித்தேன் என்று சொல்வதற்கில்லை. ஆனால் நூலையும், அதைத் தொடர்ந்து அம்மடத்தின் வரலாற்றையும் படித்தபோது ஒன்று கண்டு வியந்தேன். அங்கேயும் தேர்தல் உண்டு! அங்கேயும் தோற்றவர் உண்டு!

கார்மேல் சபைக் கன்னியர் அடைபட்ட வாழ்வு வாழ்பவர். உள்ளே வந்தவர் வெளியே போவதில்லை. உறவினர் வந்தால் கம்பித் தடுப்புக்கு அப்பால் இருந்து பேச வேண்டும். நாளுக்கு இரண்டு மணி நேரம் மௌனத் தியானம். இருமுறை மட்டுமே கூடிப் பேசும் பொழுது. அப்போதும் கையில் தையல் வேலை இருக்கும். இப்படி ஏறத்தாழ இருபத்தைந்து பெண்கள் சாகும்வரை ஒரே கூரையின் கீழ். அவர்களுக்கு ஒரு தலைவி. அவரைக் கன்னியரே இரகசிய வாக்கால் மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பர். வழக்கமாகத் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒருவர் அப்பதவியில் இருப்பதில்லை. தமக்கோ பிறருக்கோ வாக்குச் சேகரிக்கக் கூடாது என்பது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் எழுத்திலேயே உள்ளது. (விடுதி அறை அறையாக ஏறி இறங்கிய நம்மில் சிலர், நான் உட்பட, இதைக் குறித்துக்கொள்ளலாம்.)

லிசியே மடத்தில் பல்லாண்டு தலைவியாக இருந்தவர் அன்னை மரி தெ கொன்சாக். உயர்குடியில் பிறந்தவர், ஆளத் தெரிந்தவர், மனநிலை அடிக்கடி மாறுபவர் என்பர். 1893-இல் அவருடைய தவணை முடிந்தது. அவ்விடத்துக்கு வந்தவர் தெரேசாளின் தமக்கை பொலின், மடத்துப் பெயர் அன்னை ஆக்னஸ். வயது முப்பத்தொன்று. புதிய தலைவி பழைய தலைவியைப் புதுக் கன்னியரின் பயிற்சித் தலைவியாக அமர்த்தினார். தெரேசாள் அவருக்குத் துணை. இதற்கிடையில் மற்றொரு தமக்கை செலினும், மாமன் மகள் ஒருத்தியும் வந்து சேர, ஒரே குடும்பத்தார் ஐவர் ஆயினர். ஒரு குடும்பம் மடத்தைக் கைக்கொண்டுவிடக் கூடாது அல்லவா? உடன்பிறந்தாரில் இருவருக்கு மேல் வாக்குரிமை இல்லை என்பது விதி. முன்னே வந்த தமக்கையர் இருவர் அவ்விடங்களைப் பெற்றிருந்தமையால் தெரேசாள் கடைசிவரை பயிற்சி நிலையிலேயே நின்றார். பின்னாளில் 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்ட அந்தப் பெண், தம் மடத்துத் தேர்தலில் ஒருமுறைகூட வாக்களித்தவர் அல்லர்!

1896 மார்ச்சு 21-ஆம் நாள் மறுதேர்தல். மடம் இரண்டுபட்டது. ஏழுமுறை வாக்கெடுத்த பிறகே அன்னை மரி தெ கொன்சாக் வென்றார். தமக்கை தோற்றார். வென்றவருக்கோ, தம் மக்கள் தம்மை எளிதில் விரும்பவில்லையே என்ற புண். பதினைந்து நாட்கூட ஆகவில்லை, ஏப்பிரல் திங்கள் தொடக்கத்தில் ஓரிரவு, தெரேசாளுக்கு இருமலில் இரத்தம் வந்தது. காச நோய். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று, என் வயது. அந்த நிலையில் சூன் 29-இல் அவர் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. யாருக்குத் தெரியுமா? தோற்ற தமக்கைக்கு அன்று. வென்றும் வருந்திக்கொண்டிருந்த தலைவிக்கு. தன் மந்தையே தன்னைப் புண்படுத்தியதாக வருந்தும் ஓர் இடைச்சியைக் கதையாக்கி, ஓர் ஆட்டுக்குட்டி அவளைத் தேற்றுவதுபோல் எழுதினார்.

தோற்ற தமக்கை என்ன செய்தார்? தலைவியாக இருந்தபோது அவர் ஆணையிட்டு எழுதச்செய்த தெரேசாளின் சிறுவயது நினைவுக் குறிப்பேடு அவ்வாண்டு சனவரியிலேயே கைக்கு வந்திருந்தது. படிக்கப் பொழுதில்லை. பதவி போனபின் படித்தார். பின்பு 1897 சூன் தொடக்கத்தில் ஓரிரவு புதிய தலைவியிடம் சென்று, மடத்து வாழ்வைப் பற்றியும் தங்கையை எழுதச்சொல்ல வேண்டினார். ஆணை பிறந்தது. செப்டம்பர் 30-இல் தங்கை மறைந்தார். ஓராண்டு கழித்து நூல் அச்சேறியது. போட்டியிட்ட இருவருமே அதற்குக் காரணர். ஆனால் எல்லாப் பகுதியும் தமக்கே எழுதப்பட்டதுபோல் இருக்க வேண்டும் என்று தலைவி கேட்டார்; தமக்கை அப்படியே திருத்திக் கொடுத்தார். மூல ஏடுகளை உலகம் கண்டது 1956-இல்தான்.

இதைச் சிலர் அன்னை மரி தெ கொன்சாக்கின் பொறாமைக்குச் சான்றாகக் காட்டுவர். எனக்கு அது முழுதும் ஒப்புதல் இல்லை. அவரைப் பற்றி நாம் அறிவனவற்றில் பெரும்பகுதி தெரேசாளின் தமக்கையர் சொன்னவை. 1910-இல் புனிதர் பட்ட விசாரணை தொடங்கியபோது மறுமொழி சொல்ல அவர் உயிருடன் இல்லை, 1904-இலேயே இறந்துவிட்டார். ஒரே கருவியில் எடுத்த அளவுகளை மட்டும் வைத்து முடிவு எழுதினால் எங்கள் பேராசிரியர் குறிப்பேட்டைத் திருப்பி எறிவார். அப்பெண் கடிந்து பேசியிருக்கலாம், பிடிவாதம் பிடித்திருக்கலாம். எழுதச்சொன்னவரும், அச்சிட இசைந்தவரும் அவர்தாமே.

அதேபோல் மற்றொன்றும் சொல்வேன். அன்னை ஆக்னஸ் 1902-இல் மீண்டும் தலைவியானார். நடுவே ஒரு சிறு இடைவெளி. பின்பு 1923-இல் பாப்பரசர் பதினோராம் பயஸ் அவரை வாழ்நாள் தலைவியாக்கினார். 1951-இல் இறக்கும்வரை அவரே தலைவி. புகழ் காரணமாக அளிக்கப்பட்ட அச்சிறப்பு எனக்கு நன்றாகப் படவில்லை. மூன்றாண்டு விதி நல்லவரை நம்பாமல் எழுதிய விதி. அதனால்தான் அது நல்ல விதி. யாரும் வெளியேற முடியாத வீட்டில் தலைமை மாறும் என்ற உறுதியாவது வேண்டாமா? இன்று அத்தகைய மடங்களின் கவலை வேறு. 2018-இல் வந்த உரோமை நெறிமுறைப்படி, நிறைவார்த்தைப்பாடு கொடுத்தவர் ஐவராகக் குறைந்துவிட்டால் அம்மடம் தன் தலைவியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையை இழக்கிறது.

நமக்குக் கம்பித் தடுப்பு இல்லை. தோற்றால் போய்விடலாம், நான் போனேன். வெளி மாநிலங்களில் ஒரே நகரத்தில் இரண்டு தமிழ்ச் சங்கங்கள் இருப்பதன் காரணம் பல இடங்களில் இதுதான் என்று நினைக்கிறேன். இலக்கணத்திலோ கொள்கையிலோ வேறுபாடு இராது. யாரோ ஒருவர் ஒரு தேர்தலில் தோற்றிருப்பார். வென்றவர் அவரைத் தேடிப் போயிருக்க மாட்டார். லிசியேயில் மறுநாள் காலையும் அதே உணவறையில் எல்லோரும் உட்கார வேண்டியிருந்தது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் நாமே அதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஓய்வுபெறும் செயலாளருக்குச் சங்கத்தில் ஒரு வேலை, நூலகமோ இதழோ, விதியாகவே கொடுங்கள். அறை அறையாக வாக்குக் கேட்பதை நிறுத்துங்கள்.

நூலக அலமாரியின் சாவி இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது. புதிய செயலாளர் இருமுறை ஆள் அனுப்பினார். தேடிப் பார்க்கிறேன் என்றேன். வருகிற ஞாயிறு மாலைக் கூட்டத்துக்கு நானே கொண்டு வருகிறேன்.