நாலு முட்டை

பேய்ப் படம் பார்த்துப் பயப்படுகிற வயசையெல்லாம் தாண்டிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன சனிக்கிழமை ராத்திரி அந்த நினைப்பு உடைந்தது. உடைத்தது பேய் இல்லை, நாலு முட்டை.

படத்தின் பெயர் 'ஃபன்னி கேம்ஸ்'. ஆஸ்திரியாக்காரர் மிஹாயேல் ஹானெகே 1997-ல் எடுத்தது. பெயரைப் பார்த்து ஏதோ சிரிப்புப் படம் என்று நம்பி, மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதல் தப்பு.

அப்பா, அம்மா, சின்னப் பையன், ஒரு நாய். காருக்குப் பின்னால் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு ஏரிக்கரை வீட்டில் லீவைக் கழிக்கப் போகிறார்கள். வாசலில் ஓர் இளைஞன் வந்து நிற்கிறான். வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை, வாய் நிறைய மரியாதை. பக்கத்து வீட்டுக்கு நாலு முட்டை வேண்டுமாம். கொடுக்கிறாள். கீழே போட்டு உடைக்கிறான். ஸாரி. மறுபடி கேட்கிறான். நடுவில், கை தவறினாற்போல டெலிபோனைத் தண்ணீரில் தள்ளுகிறான். அதற்கும் ஸாரி.

"போடான்னு கதவைச் சாத்த வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

அதுதானே முடியாது! திருடன் என்றால் கூச்சல் போடலாம். மரியாதையாக முட்டை கேட்கிறவனை எப்படி விரட்டுவது? அவள் தயங்குகிற அந்த அஞ்சு நிமிஷத்தில் இன்னொருத்தனும் உள்ளே வந்துவிடுகிறான். நாய் காலி. கோல்ஃப் மட்டையால் அப்பாவின் கால் காலி. விடிந்தால் மூணு பேரும் உயிரோடு இருக்க மாட்டீர்கள், பந்தயம் என்கிறான். அப்புறம் கேமரா பக்கம் திரும்பி, நாம் யார் கட்சி என்று நம்மையே விசாரிக்கிறான்!

"எனக்கு வேண்டாம்பா இந்த வம்பு" என்று மனைவி எழுந்து படுக்கப் போய்விட்டாள். நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தப்பு.

ஹானெகே ரத்தத்தை அதிகம் காட்டுவதில்லை. துப்பாக்கி வெடிக்கிற சத்தம் கேட்கும்போது கேமரா சமையலறையில் சாண்ட்விச் செய்கிறவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் பிறகு, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை அசையாமல் பல நிமிஷம் காட்டுகிறார். கத்தியைக் காட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொள்ளலாம். இதற்கு எதை மூடுவது?

கடைசியில் அம்மா துப்பாக்கியைப் பறித்து ஒருத்தனைச் சுடுகிறாள். "அப்படிப் போடு!" என்று கை தட்டிவிட்டேன். உடனே மற்றவன் டி.வி. ரிமோட்டைத் தேடி எடுத்து, படத்தையே பின்னுக்கு ஓட்டுகிறான். செத்தவன் எழுந்துகொள்கிறான். இந்த முறை துப்பாக்கி அவள் கைக்குக் கிடைக்கவில்லை.

தட்டின கை அந்தரத்தில் நின்றது. கொசு அடிக்கவே யோசிக்கிற ஆசாமி நான். ஒரு சாவுக்குக் கை தட்டியிருக்கிறேன்.

2007-ல் இதே படத்தை ஹானெகேயே நவோமி வாட்ஸ், டிம் ராத்தை வைத்து, ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் மாறாமல் இங்கிலீஷில் எடுத்தார். அமெரிக்க ரசிகர்களை மனசில் வைத்த படமாம். விலாசம் அமெரிக்கா, தபால் வந்தது எனக்கு.

மறுநாள் காலை காலிங்பெல். எதிர்வீட்டுப் பெண் கிண்ணத்தோடு நின்றாள்.

"உறை ஊத்தக் கொஞ்சம் மோர் கிடைக்குமா, அங்கிள்?"

முதலில் அவள் கையைத்தான் பார்த்தேன். கையுறை இல்லை. மோர் கொடுத்தேன்.

"அந்தப் பொண்ணை ஏங்க அப்படி முறைச்சீங்க?" என்றாள் மனைவி.

"ஸாரி" என்றேன். சொன்ன பிறகு அந்த வார்த்தையே பயமாக இருந்தது.