சுவர் உலர்ந்த பின் அலமாரி

மூணாறு, பீருமேடு மலைகளிலும் பாலக்காட்டு எல்லையிலும் வாழும் நம்மவர் பலர், பழைய வீட்டின் அடுக்களையில் புது அலமாரி அமைக்க விழைகின்றனர். அவர்களுக்கு நம் அனுபவம் பயன்படட்டும்.

சென்ற கோடையில், மகளின் படிப்புக்கென ஒதுக்கிய தொகையை எடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ் மரத்தூள் பலகையால் அலமாரி செய்வித்தோம். இடவப்பாதி பிறந்தது. பலகை உப்பியது, கதவு மூட மறுத்தது, பின்புறம் கரையான் ஏறியது. தச்சரை நோவதில் பயனில்லை. சுவரின் கசிவை அறிந்திருந்தும் அதைப் பலகையால் மறைத்தவர் நாமே.

அன்பர்களே, முதலில் குழாய்க் கசிவையும் சுவரின் ஈரத்தையும் நீக்குங்கள். ஒரு மழைக்காலம் சுவர் நனையாது கடந்த பின்னரே தச்சரை அழையுங்கள். தொட்டியடிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ஒட்டுப்பலகையே ஏற்றது. 303 முத்திரையுள்ளது பொது உபயோகத்துக்கானது, ஈரம் படாத மேல்தட்டுகளுக்குப் போதும். அடிப்பலகை தரையினின்று நான்கு விரற்கடை உயர்ந்திருக்கட்டும். கைப்பொருள் குறைவாயின், பழைய கடப்பைக்கல் தட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு அலுமினியக் கதவு மட்டும் பொருத்தலாம். கம்பெனிக் குடியிருப்பாயின், கழற்றி எடுத்துச் செல்லத்தக்கதாய்ச் செய்வதே விவேகம். தட்டின் உயரத்தை அங்கு நின்று சமைப்பவரே தீர்மானிக்கட்டும்.

மகளின் படிப்புத் தொகையை நாம் மாதந்தோறும் சிறுகச் சிறுகத் திரும்பச் சேர்த்து வருகிறோம்.