கூட்டில் அடைபடும் குட்டி

கிளிநொச்சியிலிருந்து பரந்தன் நோக்கியோ முறிகண்டி நோக்கியோ ஏ9 வீதியாற் செல்பவர், புதிய வீடுகள் சிலவற்றின் விறாந்தையில் ஒரு பொருளைக் காணக்கூடும். முழங்கால் உயரமுள்ள கம்பிக்கூடு அது. உள்ளே இரண்டு மூன்று மாதக் குட்டியொன்று முன்னங்கால்களைக் கம்பியில் ஊன்றி முனகிக்கொண்டிருக்கும். ஏன் இவ்வாறு அடைத்து வைத்திருக்கின்றீர்கள் என்று வினவினால், வீட்டுக்குள் அசுத்தம் செய்யாதிருக்கப் பழக்குகின்றோம் என்பதே விடையாகும். காலை ஏழரை மணிக்குப் பூட்டப்பட்ட கூடு மாலை நான்கரை மணிக்குத் திறக்கப்படுகின்றது. இதனை விஞ்ஞான முறை என்பாரும் மேல்நாட்டு முறை என்பாரும் உளர். விஞ்ஞானமும் இதுவன்று; மேல்நாட்டு முறையும் இதுவன்று.

நாய்க்குட்டியை வீடு பழக்குதல் என்னும் பிரச்சினையே வன்னிக்குப் புதியது. மண்சுவரும் கிடுகுக் கூரையும் சாணி மெழுகிய நிலமுமாக வீடுகள் இருந்த காலத்தில் நாயின் ஆட்சி படலையில் தொடங்கித் திண்ணையோடு முடிந்தது. இரவிற் பன்றியும் யானையும் காட்டுக்கரையால் இறங்கும் ஊரிற் குரைப்பது அதன் கடமை. காட்டுக்குட் செல்வோருக்கு அது துணை. மாரிக்குளிரில் அடுப்படிச் சாம்பல் அதன் படுக்கை. குட்டி எங்கே சிறுநீர் கழித்தது என்று எவரும் பார்த்ததில்லை. வளவு பெரிது, மணல் உறிஞ்சிக்கொள்ளும்.

போர் அந்த வளவுகளை வெறுமையாக்கியது. 2009இன் பின் மீள்குடியேறியவர்களுக்கெனக் கல்வீடுகள் எழுந்தன. 2012 முதல் பரவலாக நடைமுறைக்கு வந்த இந்திய வீட்டுத் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 550 சதுர அடி வீடொன்றிற்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. குறைபட்ட பணத்துக்கு நகையை அடைவு வைத்தோரும் கடன்பட்டோரும் பலர். அவ்வாறு பாடுபட்டு மினுக்கிய சீமெந்து நிலத்தின் நடுவே குட்டியொன்று குந்தும்போது வீட்டுக்காரிக்கு எழும் சினம் விளங்கிக்கொள்ளத் தக்கதே. மேலும், சீமெந்து நுண்துளைகள் உடையது. நீரால் துடைத்த பின்னும் மணம் அதனுள் தங்கும். மனிதர் மூக்குக்கு எட்டாத அந்த மணம் குட்டியை அதே மூலைக்கு மீண்டும் மீண்டும் அழைக்கும். வினாகிரி கலந்த நீரால் அன்றன்றே கழுவினால் இத்தொல்லையிற் பாதி தீரும். ஆனால் வினாகிரியை வாங்காதவர் கூட்டை வாங்குகின்றார்.

கூடு எந்த அடிப்படையில் பயன்படுகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். பிறந்து ஏறத்தாழ மூன்று வாரங்கள் வரை குட்டிகள் தாமாகக் கழிப்பதில்லை. தாய் நக்கித் தூண்டிக் கழிக்கச் செய்து தானே தூய்மையும் செய்கின்றது. அதன்பின் கால் ஊன்றியதும் அவை படுக்கையை விட்டுத் தள்ளிச் சென்று கழிக்கத் தொடங்குகின்றன. படுக்குமிடத்தை அசுத்தப்படுத்தலாகாது என்னும் இவ்வியல்பை எந்த மனிதனும் கற்பிக்கவில்லை. குட்டி எழுந்து நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் மட்டும் இடமுள்ள கூடு முழுவதும் படுக்கையாகிவிடுகின்றது. ஆதலின் திறக்கும்வரை குட்டி அடக்கிக்கொள்ள முயல்கின்றது. திறந்த உடனே வெளியே கொண்டு சென்று, கழித்த அக்கணமே தட்டிக்கொடுத்தால், எங்கே கழிக்க வேண்டும் என்பதை அது கற்கின்றது. கற்பித்தல் நிகழ்வது வெளியில். கூடு செய்வது, அதுவரை காலந்தாழ்த்துவது மாத்திரமே.

எவ்வளவு நேரம் தாழ்த்தலாம்? இரண்டு மாதக் குட்டி பகலில் இரண்டு மூன்று மணித்தியாலங்களுக்கு மேல் அடக்க இயலாது. நான்கு மாதக் குட்டிக்கு நான்கைந்து மணித்தியாலங்கள். உறக்கத்தில் சற்றுக் கூடும். உண்டதும், விழித்ததும், விளையாடியதும் உடனே போக வேண்டும். இதிற் கணித நுட்பம் எதுவுமில்லை. ஒன்பது மணித்தியாலங்கள் பூட்டப்பட்ட குட்டி தன் படுக்கையிலேயே கழித்தே தீரும். முதல் நாள் அழுதுகொண்டு கழிக்கும். இரண்டாம் வாரத்தில் அழாமற் கழிக்கும். வீட்டார் அதனைப் பழகிவிட்டது என்பர். உண்மையில் அழிந்தது, கூடு எந்த இயல்பை நம்பி நிற்கின்றதோ அந்த இயல்பே. தன் படுக்கையை நனைக்கக் கூசாத நாய்க்குப் பிறர் வீட்டு நிலம் எம்மாத்திரம்? பின்னர் அதனைத் திருத்துவது புதுக்குட்டியைப் பழக்குவதினும் பன்மடங்கு கடினமானது.

இன்னொன்றும் கருதற்பாலது. எட்டு ஒன்பது வாரங்களுக்குள் குட்டிக்கு இன்ன நிலத்தில்தான் கழிப்பது என்னும் விருப்பம் பெருமளவு அமைந்துவிடுகின்றது. வன்னியில் நாய் வைக்கோற்போரின் அடியிலோ விறகுக்குவியலின் பின்னாலோ மணலைத் தோண்டிக் குட்டி போடுகின்றது. அக்குட்டிகள் முதலில் நடந்து சென்று கழிப்பது மணலிலும் புல்லிலும்தான். ஆகவே இரண்டு மாதம் தாயோடிருந்த வன்னிக் குட்டி பாதி பழகியே வருகின்றது! அக்குட்டியைக் கொணர்ந்து, சீமெந்தின்மேல் வைத்த கம்பிக்கூட்டில் நாள் முழுவதும் அடைத்து, மணலை மறக்கடித்துச் சீமெந்தைப் பழக்கிவிட்டு, நாட்டு நாய்க்கு அறிவில்லை என்று நொந்துகொள்வது எத்தகைய நீதி?

வெப்பத்தையும் மறத்தலாகாது. சித்திரை முதல் ஆவணி வரை வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பகல் வெப்பம் 35 பாகை செல்சியசை அண்மிக்கின்றது. தகரம் சார்த்திய விறாந்தையில் அதனினும் மிகும். மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்த்துச் சூடு தணிக்கும் வகை நாய்க்கில்லை. இளைத்தும், குளிர்ந்த மண்ணைத் தோண்டி வயிறு பதியப் படுத்துமே அது உடல் தணிக்கின்றது. நாய் நண்பகலில் வேப்பமர நிழலில் குழி தோண்டுவது முற்றத்தைக் கெடுக்கும் குறும்பு அன்று. கூட்டில் அடைபட்ட குட்டி எதைத் தோண்டும்?

மேல்நாட்டில் இவ்வாறே செய்கின்றனர் என்பார்க்கு ஒரு சொல். கூட்டுப் பழக்கம் பெருமளவு அமெரிக்காவில் வளர்ந்தது. மாடிமேல் மாடியாக அடுக்கிய வீடுகளில், முற்றமே இல்லாதார் நாய் வளர்க்கும் நிலையில் அதற்குத் தேவையும் இருந்தது. அங்கும் அதனை ஒழுங்காகக் கற்பிப்போர், கூட்டை நாள் முழுவதும் பூட்டுவதையும் தண்டனைக்குப் பயன்படுத்துவதையும் கண்டிக்கின்றனர். சுவீடனிலும் பின்லாந்திலுமோ பயணம், போட்டி போன்ற குறித்த தேவைகளுக்கன்றி நாயைக் கூட்டில் அடைத்து வைத்தலைச் சட்டமே தடுக்கின்றது. மேற்கு என்பது ஒரே வீடன்று. போருக்குப் பின் வன்னியிற் கண்ணிவெடி தேடும் பணியில் மோப்ப நாய்களும் ஈடுபடுத்தப்பட்டன. மக்கள் மீளக் கால்வைத்த நிலங்களிற் சில அந்நாய்கள் முதலில் மோந்த நிலங்கள். அத்தகைய நாய்க்குப் பெட்டி என்பது ஊர்தியில் ஏறுவதற்கும் வேலைகளுக்கிடையே இளைப்பாறுவதற்கும் உரியது; அதன் அறிவு வளர்ந்தது பயிற்றுநர் ஒருவர் நாள்தோறும் அதனோடு செலவிட்ட நேரத்தினால்.

கூட்டை எதிர்ப்போரிலும் ஒரு சாரார் உளர். 2009இற் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் மாதக்கணக்கில் இருந்த மக்கள், அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்ட பின்னரும் கம்பியைக் கண்டால் முகம் சுளிப்பது இயல்பே. வாயில்லாச் சீவனை அடைப்பது பாவம் என்று அவருட் சிலர் கூறும்போது அதனை வெறும் பேதைமை என ஒதுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் நாய் தானாகவே இருண்ட ஒடுங்கிய இடத்தைத் தேடிப் படுப்பது என்பதும் உண்மை. கதவு திறந்திருக்கும் கூடு அதற்கு வளை. பூட்டிய கூடு சிறை. எத்தனை நாழிகை பூட்டப்படுகின்றது, அழைத்தால் எவராவது வருகின்றனரா என்பவற்றைக் கொண்டே இதனைத் தீர்மானித்தல் தகும்.

மற்றச் சாராரோ தடியை நம்புவோர். கூடும் வேண்டாம், கூத்தும் வேண்டாம், மூக்கைச் சிறுநீரில் தேய்த்து இரண்டு போட்டால் குட்டி பழகும் என்பர். செயலுக்கும் பயனுக்கும் இடையே சிறிது நேரம் கழிந்தாலும் விலங்கு அவற்றைத் தொடுத்து அறிவதில்லை. மாலையில் வந்து, காலையிற் கழித்ததற்கு அடிப்பவர், வீடு வந்த மனிதனைக் கண்டு நடுங்கவே குட்டிக்குக் கற்பிக்கின்றார். கையும் மெய்யுமாகப் பிடித்து அடிப்பவரோ, மனிதர் காண்கையிற் கழிப்பது ஆபத்து என்று கற்பிக்கின்றார். அக்குட்டி முற்றத்தில் எவர் முன்னும் கழியாது, கட்டிலுக்கடியிற் சென்று கழிக்கும். தடிக்காரரும் கூட்டுக்காரரும் ஒருவரையொருவர் ஏளனம் செய்யினும் இருவரும் ஒரே பொருளையே சிக்கனம் செய்கின்றனர். அது நேரம்.

இது வீட்டு நிலத்தின் தூய்மை பற்றிய சில்லறை வழக்கு என்று எண்ணுவோர், பழகாத குட்டியின் முடிவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு மாலையில் அது சாக்கில் இடப்பட்டுச் சந்தையடியிலோ கோயில் வீதியிலோ இறக்கப்படுகின்றது. வைரவர் சந்நிதியில் விட்டால் வாகனமாயிற்று, அவர் பார்த்துக்கொள்வார் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வாரும் உளர்! தடுப்பூசி ஏற்றப்படாத அந்நாய் அடுத்த ஆண்டு தானும் குட்டி போடும். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மாத்திரம் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தனர். அத்தொகை அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு இருபது முப்பது என்னும் அளவுக்குக் குறைந்ததற்கு நாய்களுக்கு ஊசியேற்றியமை பெருங்காரணம். ஊசியேற்றப் பிடித்துக் கொடுப்பதற்கோ ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வீடு வேண்டும். 2006ஆம் ஆண்டு முதல் தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை அரசு கைவிட்டது. வீட்டார் கைவிடும் வழக்கம் நிற்கவில்லை. 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் நீண்ட காலமாக விதித்து வந்த தண்டமோ நூறு ரூபாய்.

பழகிய பாகனையே கொல்லும் யானையினும், எறிந்த வேல் உடலில் நிற்கவும் வாலாட்டும் நாய் போன்றாரே நட்புக்குரியர் என்பது நாலடியார் கருத்து. அச்செய்யுளைப் பொருளறிந்து ஒப்புவித்துப் பரீட்சையிற் சித்தியெய்தியவர்கள் வீட்டு விறாந்தைகளிலும் கூடுகள் உள்ளன.

வன்னி வீட்டுக்கு வேண்டியது மிகச் சிறிது. இரவுக்கு மட்டும், கட்டிலின் அருகே, பழைய சாக்கு விரித்த ஒரு மரப்பெட்டி போதும். கம்பிக்கூடு இருப்பின் அதுவும் ஆகும். குட்டி முனகினால் எவராவது எழுந்து கதவைத் திறந்து, வேலியோரத்தில் ஒரே இடத்துக்கு அதனைக் கொண்டு செல்ல வேண்டும். பகலிற் குட்டி முற்றத்தில் நிழலிலும் மணலிலும் இருக்கலாம். வீதிக்குப் போகாதிருக்க விறாந்தை முதல் வேப்பமரம் வரை ஒரு மூலையைப் பனைமட்டையால் அடைத்தாற் போதுமானது. இரண்டு மூன்று வாரங்கள் எவராவது விடாது கண்காணித்தாற் பெரும்பாலான குட்டிகள் வழிக்கு வருகின்றன. அம்மூன்று வாரங்களை ஒதுக்க எவரும் இல்லாத வீடு, குட்டியைத் தாயிடமே இன்னும் சிறிது காலம் விட்டுவைத்தல் நன்று. ஐப்பசி மழை தொடங்கிய பின் எடுப்பதும் உகந்ததன்று. நள்ளிரவில் நனைந்துகொண்டு குட்டிக்குத் துணை நிற்பார் அரியர். பாடசாலை விடுமுறை தொடங்கும் நாளிற் கொண்டுவரலாம். வீட்டில் சிறுவர் இருவர் இருப்பின் கூட்டுக்குரிய பணம் மீதமாகும். அதில் ஒரு போத்தல் வினாகிரியும் வாங்கலாம்.