பெயர் தெரியாத பூ

நம் சிறுகதைகளில் அடிக்கடி தட்டுப்படும் ஒரு சொற்றொடர் உண்டு: ‘பெயர் தெரியாத மஞ்சள் பூ ஒன்று.’ மனம் கசந்த கதைமாந்தர் ஜன்னலருகே வந்து நிற்பார். வெளியே அது பூத்திருக்கும். அது ஆவாரையா, கொன்றையா, பொன்னரளியா, பீர்க்கா என்று ஆசிரியர் கேட்டுக்கொள்வதில்லை, வாசகரும் கேட்பதில்லை. பெயர் தெரியாமலிருப்பதே ஒரு கவித்துவத் தகுதி என்பதுபோல் இருவரும் கடந்துபோய்விடுகிறோம். இச்சொற்றொடரைப் படித்தும், வெட்கத்துடன் ஒப்புக்கொள்வதென்றால் எழுதியும் வந்த எங்களுக்கு அதன் அபத்தம் உறைத்தது எந்த விமர்சன நூலாலும் அல்ல. சென்ற ஆண்டு மூன்று பேர் பணம் போட்டு வாங்கிய ஒரு கேமராவால்.

இலக்கியக் கூட்டங்களைப் பதிவுசெய்யத்தான் அதை வாங்கினோம். கூட்டமோ மாதத்துக்கு ஒன்று. புதுக் கேமராவின் மோகமோ நாள்தோறும். எனவே எங்களில் ஒருவருடைய வீட்டுத் தோட்டத்தில் பழகத் தொடங்கினோம். செம்பருத்தி, நந்தியாவட்டை, சங்குப்பூ, அந்திமந்தாரை, சுவரோரம் காகிதப்பூ, கிணற்றடியில் ஒரு பவழமல்லி. எல்லாப் புதியவர்களையும் போல நாங்களும் பாடம் தேடினோம். தேடிய இடமெல்லாம் கிடைத்த பாடம் ஒன்றே: லென்ஸின் துளையை முழுக்கத் திற, பின்னணியைக் கரை, பூவின்மேல் தண்ணீர் தெளி, வண்ணத்தைக் கூட்டு. அப்படியே செய்தோம். ஒரு வாரத்தில் நாற்பது படங்கள் தேறின. பச்சையாய்க் கரைந்த பின்னணியில் நீர்த்துளி கோத்த பூக்கள். எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அவற்றை நண்பரின் தாயாரிடம் காட்டினோம். அச்செடிகளை நட்டவர் அவர். நாள்தோறும் விடியலில் பூஜைக்குப் பறிப்பவரும் அவரே.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. இது என்ன பூ?”

“உங்க தோட்டத்துப் பூதாம்மா. நந்தியாவட்டை.”

“இலையக் காணோம், காம்பையும் காணோம். வெள்ளையா என்னமோ இருக்கு. நான் எத வச்சு நந்தியாவட்டைன்னு சொல்றது?”

இக்கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. நாங்கள் கற்றிருந்தது பூவைப் படமெடுக்கும் கலை அன்று. எந்தப் பூவையும் ஒரே பூவாக்கும் உபாயம். இன்று தோட்டப் பூக்களின் புகைப்படம் என்ற பெயரில் குவிவதில் பெரும்பகுதி இதுதான் என்று கறாராகவே சொல்ல விரும்புகிறோம். அதன் வேரும் ‘பெயர் தெரியாத பூ’வின் வேரும் ஒன்றே. எதிரிலிருக்கும் பொருளை அறியும் உழைப்பைத் தவிர்த்துவிட்டு, அது எழுப்பவேண்டிய உணர்ச்சியை மட்டும் கடன் வாங்கும் சோம்பல் அது.

இது வெறும் ரசனைச் சண்டை என்று தோன்றலாம். இல்லை. தொழில்நுட்பத்தின் அளவிலேயே இதைப் பார்க்க முடியும். கேமராவின் தானியங்கி ஒளியளவி, தன்முன் இருக்கும் காட்சி சராசரியில் ஒரு நடுச்சாம்பல் நிறம் என்று அனுமானித்துக்கொள்கிறது. அது பூவை அறியாது. சட்டகம் நிறைய நந்தியாவட்டையை வைத்தால் அந்த வெண்மையைச் சாம்பலாக்கித் தரும். ஒளியை ஒரு படி கூட்டச் சொல்லி நாம்தான் அதைத் திருத்த வேண்டும். அதே பூ கரும்பச்சை இலைகளின் நடுவே சிறியதாக இருந்தாலோ, இலைகளின் இருட்டைக் கணக்கிட்டு ஒளியைக் கூட்டிப் பூவை வெள்ளைக் கறையாக எரித்துவிடும். அப்போது குறைக்க வேண்டும். ஒரே பூவுக்கு இரண்டு எதிரெதிர் திருத்தங்கள். எதைச் செய்வது என்பதை அந்த வெண்மை எவ்வளவு வெண்மை என்று கண்ணால் கண்டவர் மட்டுமே சொல்ல முடியும்.

செம்பருத்தி இன்னும் கடினமானது. கேமராவின் உணரியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வண்ணத்தடுப்பு இருக்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வகுத்து 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது: பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. அடர்சிவப்புச் செம்பருத்தியில் சிவப்புக்குரிய புள்ளிகள் முதலில் நிரம்பி வழிந்துவிடுகின்றன. மொத்த வெளிச்சத்தைக் காட்டும் வரைபடமோ எல்லாம் சரியாக இருப்பதாகவே சொல்கிறது. விளைவு: இதழின் நரம்புகளும் மடிப்புகளும் அழிந்து, சிவப்புப் பெயின்ட் கொட்டியதுபோல் ஒரு பரப்பு. மூவண்ணங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, முக்கால் படியாவது ஒளியைக் குறைத்தால்தான் நரம்பு திரும்பி வரும். நாங்கள் கற்ற பாடமோ இதற்கு நேரெதிராக வண்ணத்தைக் கூட்டச் சொன்னது. எரிந்துபோன சிவப்பை மேலும் எரித்ததற்கு எங்களுக்குப் பாராட்டும் கிடைத்தது என்பதே நம் பார்வையின் நிலைமை.

துளையின் கதையும் இதுவே. முழங்கை நீளத்துக்கும் குறைவான தூரத்திலிருந்து எஃப் 2.8இல் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்கள்தாம். செம்பருத்தியின் மகரந்தத் தண்டு தெரிந்தால் இதழ் கரையும். இதழ் தெரிந்தால் தண்டின் நுனியிலுள்ள ஐந்து சூல்முடிகளும் மறையும். எஃப் 11க்குப் போனால் அந்த ஆழம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆனால் ஒளி குறையும், ஷட்டர் மெதுவாகும், மெல்லிய காற்றுக்கே பூ கலங்கிவிடும். ஆகவே காற்றுப் படாத அதிகாலையில் எழ வேண்டும். முற்பகல் வெயிலில் எடுப்பதென்றால் பழைய வேட்டி ஒன்றை இருவர் பிடித்து நிழல் செய்ய வேண்டும். முக்காலி வேண்டும், பொறுமை வேண்டும். பின்னணியைக் கரைப்பது இவை அனைத்திலிருந்தும் தப்பிக்கும் குறுக்குவழி. அதை அழகியல் என்று அழைப்பதில்தான் எங்களுக்குச் சண்டை.

காகிதப்பூ எங்களை இன்னும் நன்றாக ஏமாற்றியது. அதன் ஊதா நிறத்தை வாரக்கணக்கில் எடுத்துத் தள்ளினோம். பிறகொரு நாள் மெதுவாகக் குவியத்தை நகர்த்தியபோதுதான் நடுவே மூன்று சிறிய வெளிர்நிறக் குழாய்கள் தெரிந்தன. பூக்கள் அவைதாம், நாங்கள் பூ என்று எடுத்துக்கொண்டிருந்தது பூவைச் சுற்றிய வண்ண இலைகளை. அத்தனை நாளும் பூவே எங்கள் படங்களின் தெளிவுக்கு வெளியில் இருந்திருக்கிறது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இலக்கியவாதிகளிடமிருந்து: பூவைப் படம் பிடிப்பதெல்லாம் ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு, இதற்கு ஏன் இத்தனை ஆவேசம்? இந்த இளக்காரத்துக்கு வரலாற்று நியாயம் ஏதுமில்லை. இமோஜன் கன்னிங்ஹாம் 1920களில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் மூன்று சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். வெளியே அதிகம் செல்ல இயலாத நிலையில் வீட்டுத் தோட்டத்துச் செடிகளையே தொடர்ந்து எடுத்தார். 1925ஐ ஒட்டி அவர் எடுத்த மேக்னோலியா மலரில் மகரந்தத் தாள்கள் ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். அந்தப் படத்தை விட்டுவிட்டு நவீனப் புகைப்படக் கலையின் வரலாற்றை எழுத முடியாது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. பின்னணியை அகற்றுவதே குற்றமா? பெர்லினில் கலை மாணவர்களுக்குச் செடிகளின் வடிவத்தைக் கற்பித்த கார்ல் பிளாஸ்ஃபெல்ட், தாமே அமைத்த கேமராவால் தண்டுகளையும் மொட்டுகளையும் வெற்றுப் பின்னணியில் பன்மடங்கு பெரிதாக்கி எடுத்தார். 1928இல் 120 படங்களுடன் அவருடைய நூல் வந்தபோது, வால்ட்டர் பெஞ்சமின் அவ்வாண்டே அதை வரவேற்று எழுதினார். உண்மைதான், அங்கே தோட்டமே இல்லை. ஆனால் பிளாஸ்ஃபெல்ட் விட்டுவைத்ததில் ஒரு முள்ளும் மயிரும்கூட மங்கலாக இல்லை. மற்றதை அகற்றியது இதைப் பார்ப்பதற்காக. அவ்வாறு அகற்றுபவருடன் எங்களுக்கு வழக்கில்லை. பார்க்காததை மறைக்க மங்கலைப் பூசுபவருடன்தான் வழக்கு.

இந்த வழக்கைத் தமிழில் தொடுக்க நேர்வது கூடுதல் அவமானம். பூக்களைக் கொண்டே நிலங்களுக்குப் பெயர் சூட்டிய மரபு நம்முடையது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது என்பது அதைப் பற்றிய பழங்குறிப்பு. மொழியை அறிவிக்கப் புகுந்தவர் பூக்களின் பெயர்களைச் சொல்லியிருக்கிறார்! அந்தப் பட்டியலை மேடையில் மூச்சுவிடாமல் ஒப்பிப்போர் நம்மிடையே உண்டு. அவர்களில் எத்தனை பேருக்கு வெட்சியையும் தளவத்தையும் செடியில் காட்டத் தெரியும்? பெயர் வாயில் இருக்கிறது, பூ கண்ணில் இல்லை. புகைப்படக்காரர்களிடம் பூ கண்முன் இருக்கிறது, பெயர் இல்லை. இருவரும் ஒரே இழப்பின் இரு பாதிகளைச் சுமக்கிறோம்.

பெயர் மட்டுமா? அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஏழு பருவங்களுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. எங்கள் நாற்பது படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். நாற்பதும் மலர். உதிர்ந்த வீ இல்லை, வாடிய செம்மல் இல்லை. பவழமல்லியைப் பகலில் தேடிச் சென்று ‘பூ இல்லை’ என்று திரும்பியிருக்கிறோம். இரவில் விரிந்து விடியுமுன் உதிர்வது அதன் இயல்பு. கிணற்றடியில் ஆரஞ்சுக் காம்பு மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தவற்றை மிதித்துக்கொண்டுதான் செம்பருத்தியைப் படமெடுத்தோம்.

கார்த்திகை மழையில் சுற்றுச்சுவர் சரிந்து அந்த நந்தியாவட்டைச் செடி போயிற்று. தாயாருக்கு அதன் படமொன்றைச் சட்டமிட்டுத் தரலாம் என்று தேடினோம். அதற்குள் இருநூறுக்கு மேல் எடுத்திருந்தோம். ஒன்றிலும் செடி இல்லை. அது எவ்வளவு உயரம் இருந்தது, எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எந்தக் கிளையை அவர் வளைத்துப் பறிப்பார் என்று எதுவும் இல்லை. இருநூறு வெள்ளைப் பூக்கள் இருந்தன. அவை எந்த ஊரிலும் எடுக்கப்பட்டிருக்கலாம்.

ஆகவே புதுக் கேமரா வாங்கும் நண்பர்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். முதல் வாரம் ஒரே செடியுடன் இருங்கள். தோட்டத்தில் பாடுபடும் ஒருவரிடம் அதன் பெயரைக் கேளுங்கள். அது எப்போது விரிகிறது, எப்போது உதிர்கிறது என்று பாருங்கள். முதலில் இலையோடும் காம்போடும் மண்ணோடும் எடுங்கள். அப்புறம் நெருங்குங்கள், அப்புறம், தேவையென்று தோன்றினால், பின்னணியைக் கரையுங்கள். கதை எழுதும் நண்பர்களுக்கும் இதையே சொல்வோம். உங்கள் கதைமாந்தருக்குப் பூவின் பெயர் தெரியாமலிருக்கலாம். நீங்கள் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

சரிந்த செடியின் கிளையொன்றை ஒடித்துத் தாயார் வேறிடத்தில் ஊன்றிவைத்தார். துளிர்த்திருக்கிறது. இன்னும் பூக்கவில்லை. படமெடுக்கத் தொடங்கிவிட்டோம்.